அம்மாவின் அம்மாவைப் பெற்றவள்: லண்டன் யூதக் குடும்பங்களைப் பழைய பதிவேடுகளில் தேட ஒரு வழிகாட்டி

இல்ஃபோர்டில் எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் எண்பதைத் தாண்டிய யூத மூதாட்டி. அவர் பேத்திக்கு வைதிக ஜெபஆலயம் ஒன்றில் திருமணம் நிச்சயமானது. யூதச் சட்டப்படி யூதப் பிறப்பு தாய்வழியாக வருவது. அதனால் அங்கே பெண்ணின் தாய், தாயின் தாய் என்று மேலே போகும் திருமணச் சான்றுகளைக் கேட்பார்கள். வேண்டிய காகிதங்கள் அலமாரியிலேயே இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "என் பாட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவளைப் பெற்றவள் யார், எந்த வீட்டுப் பெண் என்று இன்றுவரை தெரியாது."

அந்த ஒரு கேள்விக்காக இரண்டு குளிர்காலம் நாங்கள் இருவரும் பதிவேடுகளில் உட்கார்ந்தோம். இந்தத் தேடலைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்த வரிசையில் போகலாம், எங்கே வழுக்கும், எந்தக் காகிதம் எதைச் சொல்லும் என்று அப்போது கற்றதை இங்கே எழுதுகிறேன். 1881 மார்ச்சில் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட பிறகு யூதர்கள் மீது தாக்குதல்கள் தொடங்கின. அப்போதிருந்து 1914 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் பிரிட்டனுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி கிழக்கு லண்டனில் இறங்கியது. ஒயிட்சாப்பல், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், மைல் எண்ட் தெருக்களில் குடியேறிய அந்தக் குடும்பங்களைத் தேடுவதுதான் இங்கே பேச்சு.

வீட்டிலிருந்து பின்னோக்கி

குடும்பப் பெயரைத் தேடுதளத்தில் தட்டி, அதே பெயருள்ள பழைய ஆள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வராதீர்கள். உயிரோடு இருப்பவரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் காகிதச் சான்று கிடைத்த பிறகே அடுத்த படி ஏறுங்கள்.

வீட்டில் தேட வேண்டியவை: கெத்துபா எனப்படும் யூதத் திருமண ஒப்பந்தம், பிறப்புச் சான்றுகள், ஜெபஆலயச் சந்தா ரசீதுகள், கல்லறைப் படங்கள். பழைய புகைப்படங்களின் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முகவரி அச்சாகியிருந்தால் அந்தக் குடும்பம் வாழ்ந்த வட்டாரத்துக்கு அது ஒரு குறிப்பு. பெரியவர்களிடம், "அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேளுங்கள். சான்றிதழில் உள்ள பெயரைவிட அந்தச் செல்லப் பெயர் பல நேரம் அதிகம் உதவும்.

கல்லறைக் கல்லை அலட்சியமாகத் தாண்டிப் போகாதீர்கள். அதில் இறந்தவரின் எபிரேயப் பெயரும் அவர் தந்தையின் பெயரும் இருக்கும். ஆணுக்கு "இன்னாரின் மகன்" என்று 'பென்', பெண்ணுக்கு 'பத்'. முன்னெழுத்தாகத் தந்தை பெயரைச் சுமந்து திரியும் நமக்கு இது பழகிய வழக்கம்தான். கல்லில் ஆசி வழங்கும் இரு கைகள் செதுக்கியிருந்தால் அவர் கோஹன், அதாவது ஆசாரிய வம்சம். தண்ணீர்க் குடுவை இருந்தால் லேவி, அதாவது ஆலயப் பணியாளர் வம்சம். இரண்டுமே தந்தைவழியாக இறங்குபவை. பின்னால் இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்கிறேன்.

கல்லில் ஆண்டு எபிரேய எழுத்துகளில் இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. ஆயிரங்களைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். எழுத்துகளைக் கூட்டி வரும் தொகையோடு 1240 சேர்த்தால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டுவோமே, அதுபோல. 671 என்று வந்தால் 1911. யூதப் புத்தாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறப்பதால், ஆண்டின் அந்தக் கடைசி மாதங்களில் இறந்தவருக்கு ஒன்றைக் கழிக்க வேண்டும். யூத நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும் என்பதால் தேதியும் ஒரு நாள் முன்பின் நிற்கலாம்.

பிறப்பு அட்டவணை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு அரசுப் பதிவில் இருக்கின்றன. அட்டவணைகளை ஃப்ரீபிஎம்டி தளத்தில் காசில்லாமல் தேடலாம். 1911 செப்டம்பர் காலாண்டு முதல் பிறப்பு அட்டவணையிலேயே தாயின் பிறந்த வீட்டுப் பெயர் அச்சாகியிருக்கும். அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையைப் பாருங்கள். அதில் 1837 முதலே தாயின் வீட்டுப் பெயர் உண்டு. என் பக்கத்து வீட்டம்மாவின் தாய் 1912-இல் பிறந்தவர். ஒரே தேடலில் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் கையில் வந்தது. பெண்வழியில் தேடுகிறவர்களுக்கு இதைவிட எளிதான படி வேறில்லை.

சென்சஸ் என்ன சொல்லும்

இங்கிலாந்தில் 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த சென்சஸ் தாள்கள் 1921 வரை திறந்திருக்கின்றன. நூறு ஆண்டு மூடிவைக்கும் வழக்கம் இருப்பதால் 1921 தாள்கள் 2022 ஜனவரியில்தான் வெளிவந்தன. 1931 தாள்கள் 1942-இல் தீயில் எரிந்துபோயின. 1941-இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. ஆனால் போர் தொடங்கியவுடன் 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு இருக்கிறது. அதைப் பின்னர் மருத்துவச் சேவைக்காகவும் பயன்படுத்தினார்கள். அதனால் 1939-இல் கன்னியாக இருந்த பெண்ணின் பெயருக்கு மேல், பிற்பாடு அவள் மணந்த வீட்டுப் பெயரைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள். காணாமல்போன அத்தைகளைக் கண்டுபிடிக்க நான் முதலில் போவது அங்கேதான்.

1841 தாள்கள் மிக மெல்லியவை. உறவுமுறை கிடையாது, பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். 1851 முதல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மணமானவரா, வயது, தொழில், பிறந்த இடம் எல்லாம் வருகின்றன. 1891, 1901 தாள்களில் ஐந்துக்குக் குறைவான அறைகளில் வாழ்ந்தவர்களுக்கு அறை எண்ணிக்கையும் உண்டு. எங்கள் தேடலில் வந்த குடும்பம் 1901-இல் எட்டுப் பேர், இரண்டு அறை. 1911 தாள் இன்னும் நெருக்கமாகப் பேசும். எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, எத்தனை குழந்தைகள் உயிரோடு பிறந்தன, எத்தனை இருக்கின்றன, எத்தனை இறந்தன என்று கேட்டார்கள். அதை வீட்டுத் தலைவரே நிரப்பினார். "பிறந்தது ஒன்பது, இருப்பது ஐந்து" என்ற வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு நாங்கள் மேலே போகவில்லை.

இங்கிலாந்துச் சென்சஸில் மதம் கேட்கவில்லை. எனவே "யூதர்" என்று தேட முடியாது. பிறந்த இடம், தொழில், தெரு மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். பிறந்த இடம் "ரஷ்யா" அல்லது "ரஷ்யப் போலந்து", தொழில் தையல், இஸ்திரி, பொத்தான்துளை வேலை, தொப்பி, செருப்பு, மேசை நாற்காலி என்றிருந்தால் நல்ல அறிகுறி. ஹாலந்திலிருந்து முன்பே வந்து ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் சுருட்டுச் சுற்றியவர்கள் வேறு கூட்டம். அவர்களின் வேரை ஆம்ஸ்டர்டாம் நகர ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். அங்கே அரசுப் பதிவு 1811-இலிருந்து இருக்கிறது. அயர்லாந்தில் நிலைமை வேறு. 1901, 1911 ஐரிஷ் சென்சஸில் மதம் ஒரு தனிக் கட்டம். தாள்கள் இலவசமாக இணையத்தில் இருக்கின்றன. அமெரிக்காவுக்குப் போன கிளை என்றால் 1910, 1920 சென்சஸில் தாய்மொழி கேட்டிருக்கிறார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான "யிட்டிஷ்" என்ற விடையைத் தேடலாம்.

தேடும்போது பிள்ளைகளின் பிறந்த இடத்தை வரிசையாகப் படியுங்கள். மூத்தவன், பதினான்கு வயது, ரஷ்யா. அடுத்தவள், பதினொன்று, ரஷ்யா. மூன்றாவது, எட்டு, ஒயிட்சாப்பல். குடும்பம் கப்பல் ஏறிய காலம் அந்த மூன்று ஆண்டு இடைவெளிக்குள் இருக்கிறது. கப்பல் பட்டியலைத் தேடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

வாடகைக்கு ஓரமாகத் தங்கியிருப்பவரையும் குறித்துக்கொள்ளுங்கள். "லாட்ஜர்" என்று எழுதியிருப்பவர் பல முறை மனைவியின் தம்பியாகவோ ஒரே ஊர்க்காரராகவோ இருப்பார். பெயர் அகப்படவில்லை என்றால் முகவரி வழியாகத் தேடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றில் இருக்கும் தெருவை எடுத்து, அந்தத் தெரு முழுவதையும் கதவு கதவாகப் படிப்பது சலிப்பான வேலை. ஆனால் பலன் தரும். கணக்கெடுப்பாளர் காதில் விழுந்ததை எழுதினார். அதைப் பார்த்து ஒருவர் பிரதி எடுத்தார். நூறாண்டு கழித்து இன்னொருவர் கணினியில் ஏற்றினார். ஒவ்வொரு கையிலும் பெயர் கொஞ்சம் உருமாறியிருக்கும். 1881 தாள்களின் எழுத்துவடிவத்தை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மற்ற ஆண்டுகளின் தாள்களுக்குப் பெரும்பாலும் கட்டணத் தளங்கள் வேண்டும். சந்தா கட்டுவதற்கு முன் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்களில் இலவசமாகப் பார்க்க வசதி உண்டு.

திருமணம்: மூன்று காகிதங்கள்

ஒரு யூதத் திருமணத்துக்கு இங்கிலாந்தில் மூன்று காகிதங்கள் இருந்திருக்கலாம். மூன்றும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலாவது அரசுச் சான்றிதழ். 1753-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் எல்லோரையும் ஆங்கிலிக்கத் தேவாலயத்தில் மணக்கச் சொன்னபோது யூதர்களுக்கும் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினருக்கும் விலக்குக் கொடுத்தது. 1837-க்குப் பிறகு ஜெபஆலயச் செயலாளரே அரசுக்காகத் திருமணத்தைப் பதிவு செய்தார். சான்றிதழில் தேதி, மணமக்கள் பெயர், வயது, தொழில், முகவரி, இரு தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். தாயின் பெயர் இருக்காது. இங்கிலாந்தில் திருமணப் பதிவில் தாயின் பெயருக்கு இடம் கிடைத்தது 2021 மே மாதத்தில்தான்! எங்கள் கேள்விக்கு இந்தச் சான்றிதழ் விடை தராததற்குக் காரணம் அதுவே.

அட்டவணையில் தேடும்போது ஒரு நுணுக்கம். குடும்பம் ஒயிட்சாப்பலில் இருந்ததால் ஒயிட்சாப்பல் மாவட்டத்தில் மட்டும் தேடி, "திருமணமே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். டியூக்ஸ் பிளேஸில் இருந்த பெரிய ஜெபஆலயமும், 1701-இல் திறந்த பெவிஸ் மார்க்ஸ் ஜெபஆலயமும் சிட்டி எனப்படும் லண்டன் நகர எல்லைக்குள் அமைந்தவை. அங்கே நடந்த திருமணம் லண்டன் சிட்டி மாவட்டத்தில் பதிவாகும். யூதத் திருமணத்தை வீட்டிலும் நடத்தச் சட்டம் இடம் கொடுத்தது என்பதையும் நினைவில் வையுங்கள். 1912-க்கு முன் அட்டவணையில் துணையின் பெயர் இருக்காது. ஆணின் பதிவிலும் பெண்ணின் பதிவிலும் காலாண்டு, மாவட்டம், தொகுதி எண், பக்க எண் நான்கும் பொருந்தினால் ஒரே ஜோடியாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு சான்றிதழை வாங்குங்கள்.

பொதுப் பதிவு அலுவலகம் தருவது பிரதியின் பிரதி. மணமகன் உண்மையில் எபிரேய எழுத்தில் கையெழுத்திட்டாரா, மணமகள் கீறலிட்டாளா என்று பார்க்க வேண்டுமென்றால் உள்ளூர்ப் பதிவாளரிடமோ ஜெபஆலயத்திலோ உள்ள மூலப் பதிவேட்டைத் தேடுங்கள். சாட்சிகளைப் பார்த்ததும் உறவினர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெபஆலய ஊழியர்களே நூற்றுக்கணக்கான திருமணங்களுக்குச் சாட்சியாக நின்றிருக்கிறார்கள்.

இரண்டாவது, யூத மதகுருமார்களின் தலைவரான தலைமை ரபியின் அலுவலகம் கொடுத்த அனுமதிப் பத்திரம். நேதன் ஆட்லர் தலைமை ரபியான 1845 முதல் இவை தொடர்ச்சியாக இருக்கின்றன. மணமக்களின் எபிரேயப் பெயர், தந்தையின் எபிரேயப் பெயர், முகவரி, பலவற்றில் பிறந்த ஊரும் உண்டு. அரசுச் சான்றிதழ் "ரஷ்யா" என்று நிறுத்தும் இடத்தில் இது ஊரைச் சொல்லிவிடக்கூடும். ஜெபஆலயங்களின் கூட்டமைப்பான யுனைடெட் சினகாக் அமைப்பிடம் எழுதிக் கேட்கலாம்.

மூன்றாவது கெத்துபா. அரமேய மொழியில் இருக்கும். மொழி தெரியாவிட்டாலும் பயமில்லை. வாசகம் பெரும்பாலும் மாறாதது. கிழமை, எபிரேயத் தேதி, ஊர், மணமகன் பெயர், மணமகள் பெயர் வரும் இடங்கள் எப்போதும் ஒரே வரிசையில் இருக்கும். அச்சிட்ட வாசகத்துக்கு நடுவே கையால் எழுதி நிரப்பிய சொற்கள்தான் உங்களுக்கு வேண்டியவை. கெத்துபா மணமகளுக்குரிய சொத்து. அவளுக்குக் கணவன் என்ன கடன்பட்டவன் என்று சொல்வது. அதனால் அதைத் தாய்வழிப் பெட்டிகளில் தேடுங்கள்.

தேதியைச் சரிபார்க்க நமக்கு ஆடி மாதம் உதவுவதுபோல அவர்களுக்கும் மணம் செய்யாத காலங்கள் உண்டு. பஸ்காவுக்கும் அதற்கு ஏழு வாரம் கழித்து வரும் ஷவுவோத் பண்டிகைக்கும் இடையில் பெரும்பகுதி நாட்கள், கோடையில் ஜெருசலேம் ஆலய அழிவை நினைக்கும் மூன்று வாரம், ஓய்வுநாளான சனிக்கிழமைப் பகல். இந்த நாட்களில் ஒரு ஜெபஆலயத் திருமணம் கண்ணில் பட்டால் தேதியைப் பிழையாகப் படித்தோமா என்று மறுபடி பாருங்கள்.

திருமணப் பதிவே கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம். கிழக்கு லண்டனில் ரபி ஒருவர் முன் சடங்கை மட்டும் செய்துகொண்டு, அரசில் பதியாமல் விட்டவர்கள் உண்டு. 'ஸ்டில்லே ஹுப்பா', அமைதியான மணப்பந்தல் என்று அதற்குப் பெயர். ஊரிலேயே மணமாகி வந்தவர்களுக்கும் இங்கே பதிவு இருக்காது.

ஒரே ஆளுக்கு மூன்று பெயர்

துறைமுகத்தில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற கதையை ஒவ்வொரு குடும்பமும் சொல்லும். நான் அதை நம்புவதில்லை. வந்தவர்களே, வேலைக்கும் பள்ளிக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஏற்றபடி, சில ஆண்டுகளில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஒருவருக்கே ஜெபஆலயத்தில் எபிரேயப் பெயர், வீட்டில் யிட்டிஷ் பெயர், தெருவில் ஆங்கிலப் பெயர் இருந்தன.

இந்தப் பெயர்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. விவிலியம் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆதியாகமத்தின் கடைசியில் யாக்கோபு தன் மக்களை ஆசீர்வதிக்கும்போது யூதாவைப் பாலசிங்கம் என்கிறார், நப்தலியைப் பெண்மான், பென்யமீனை ஓநாய் என்கிறார். அதனால் யூதா என்ற எபிரேயப் பெயருக்கு யிட்டிஷில் சிங்கம் என்று பொருள்படும் லைப், நப்தலிக்கு மான் என்ற ஹிர்ஷ், பென்யமீனுக்கு ஓநாய் என்ற வோல்ஃப் ஜோடியாக வரும். லண்டனுக்கு வந்ததும் லைப் லூயிஸ் ஆனார், ஹிர்ஷ் ஹாரிஸ் அல்லது ஹென்றி ஆனார், மோசே மோரிஸ் ஆனார், ஹயீம் ஹைமன் ஆனார். பெண்களில் ஃபைகல் ஃபேனி, ரிவ்கா பெக்கி, ஷைண்டல் ஜென்னி. எனவே 1891-இல் லைப், 1901-இல் லூயிஸ், கல்லறையில் யெஹுதா என்று மூன்று ஆட்கள் தெரிந்தால் ஒரே ஆளாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

குடும்பப் பெயர்களை எழுத்துக் கூட்டலை வைத்துத் தேடாதீர்கள். ஒலியை வைத்துத் தேட டைச்-மொகோடாஃப் என்ற ஒலிக் குறியீட்டு முறை 1985-இல் உருவானது. யூதக் குடும்ப வரலாற்றுத் தளமான ஜூயிஷ்ஜென் அதைப் பயன்படுத்துகிறது. கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களின் ஒலிகளுக்காகவே அமைத்த முறை அது.

பெயர் வைக்கும் மரபும் ஒரு திறவுகோல். தமிழில் பேரன் என்ற சொல்லே பாட்டன் பெயரைச் சுமப்பவன் என்று பொருள் தருவது. யூதர்களிடமும் அப்படித்தான், ஆனால் இரு பிரிவுக்கு இரு முறை. ஸ்பெயின், போர்த்துக்கல் வழிவந்த செஃபார்டிகள் உயிரோடிருக்கும் தாத்தா பாட்டியின் பெயரை வைப்பார்கள். போலந்து, ரஷ்யா, ஜெர்மனி வழிவந்த அஷ்கெனாசிகள் இறந்தவர் பெயரை மட்டுமே வைப்பார்கள். அஷ்கெனாசிக் குடும்பத்தில் 1904-இலும் 1906-இலும் உடன்பிறந்தார் இருவரின் வீடுகளில் பிறந்த இரண்டு பெண்குழந்தைகளுக்கும் ஒரே பெயர் என்றால், அந்தப் பெயருள்ள பாட்டி 1904-க்குச் சற்றுமுன் இறந்திருக்கலாம். இறப்புப் பதிவைத் தேட அது ஒரு காலவரம்பு.

செஃபார்டிகளைச் சொன்னதால் நம் ஊர்த் தொடர்பு ஒன்று. பெவிஸ் மார்க்ஸ் கட்டப்படுவதற்கு முன்பே லண்டன் செஃபார்டி வணிகர்கள் சென்னைப்பட்டினத்தில் பவளம் விற்று வைரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1688-இல் தொடங்கிய மதராஸ் மாநகராட்சியின் முதல் ஆல்டர்மேன்களில், அதாவது நகர மன்ற மூத்த உறுப்பினர்களில், யூத வணிகர்களும் இருந்தார்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு செஃபார்டிக் குடும்பத்தைத் தேடுகிறவர் லண்டனில் ஆள் காணாமல்போனால் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கணக்குகளையும் எட்டிப்பார்க்கலாம்.

இரண்டு தையல்காரர்கள்

பாட்டியின் தந்தையைத் தேடும்போது நாங்கள் நான்கு மாதம் தவறான குடும்பத்தில் நடந்தோம். 1901 சென்சஸில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் ஒரே பெயருடைய இரண்டு தையல்காரர்கள். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, இருவர் மனைவிக்கும் ஒரே பெயர். வயதும் தொழிலும் பொருந்தியதால் ஒருவரைப் பிடித்துக்கொண்டு மேலே போனோம். அந்த வீட்டின் மூத்த மகளுடைய திருமண அனுமதிப் பத்திரத்தில் தந்தையின் எபிரேயப் பெயருக்குப் பின்னால் "லேவி" என்று இருந்தது. எங்களவரின் கல்லில் குடுவை இல்லை; எபிரேய வரியிலும் லேவி இல்லை. கூடவே தந்தையின் தந்தை பெயரும் வேறு. எழுதியதையெல்லாம் எடுத்துவைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனோம்.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு: பெயர், வயது, தொழில் மூன்றும் பொருந்தினாலும் போதாது. தந்தையின் எபிரேயப் பெயர், முகவரி, உடன்பிறந்தார் வரிசை இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துவர வேண்டும். வயது நான்கைந்து ஆண்டு முன்பின் இருந்தால் அதைப் பெரிதுபடுத்தமாட்டேன்.

மணமகன் மணமகள் இருவர் வீட்டுப் பெயரும் ஒன்றாக இருப்பதைக் கண்டு பிழை என்று நினைக்க வேண்டாம். யூதச் சட்டம் உடன்பிறந்தார் பிள்ளைகள் மணப்பதையும், ஒருவர் தன் உடன்பிறந்தாரின் மகளை மணப்பதையும் அனுமதிக்கிறது; ஒரு பெண் தன் உடன்பிறந்தாரின் மகனை மணக்க முடியாது. முறைப்பெண் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது உடனே புரியும்.

'ரஷ்யா'விலிருந்து ஓர் ஊருக்கு

சென்சஸ் பெரும்பாலும் நாட்டோடு நின்றுவிடும். ஊரின் பெயர் தெரியாமல் கிழக்கு ஐரோப்பாவில் காலடி வைக்க முடியாது. அதற்குச் சிறந்த வழி குடியுரிமைக் கோப்புகள். லண்டனில் க்யூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விண்ணப்பித்தவரின் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், பிள்ளைகள், குடியிருந்த முகவரிகள், காவல்துறை விசாரணைக் குறிப்பு எல்லாம் அவற்றில் வரும். மனைவிக்குத் தனிக் கோப்பு இருக்காது. கணவனின் தேசியமே அவளுடையது என்பது அன்றையச் சட்டம். 1870 முதல் 1948 வரை, லண்டனிலேயே பிறந்த பெண்கூட அந்நியரை மணந்தால் பிரிட்டிஷ் தேசியத்தை இழந்தாள்.

உங்கள் ஆள் விண்ணப்பிக்கவில்லையா? அவர் அண்ணன் தம்பிகளைத் தேடுங்கள். பாட்டியின் தந்தை கடைசிவரை அந்நியராகவே இருந்தார். பாட்டியின் தம்பி ஒருவர் கடை வைத்துக் குடியுரிமை வாங்கியிருந்தார். அவர் கோப்பில் பெற்றோர் பெயரும் போலந்தில் ஒரு சிற்றூரின் பெயரும் தெளிவாக இருந்தன.

போலந்துப் பதிவேடு

அந்த ஊர் ரஷ்ய ஆட்சியில் இருந்த போலந்து இராச்சியத்தில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். நெப்போலியன் சட்டத்தின் வழியில் 1808 முதலே அங்கே குடிமைப் பதிவு உண்டு. 1826 முதல் யூதர்களுக்குத் தனிப் பதிவேடு. 1868 வரை போலிஷ் மொழியில், பிறகு ரஷ்ய மொழியில். பதிவு ஒரு கதைபோல ஓடும்: இந்த ஊரில், இந்த நாளில், ரபி இன்னாரோடு, இன்னார் சாட்சிகளாக வந்து, இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் செய்தார்கள் என்று. தேதி இரட்டையாக இருக்கலாம். ரஷ்யர்களின் ஜூலியன் நாட்காட்டி அந்த நூற்றாண்டில் 12 நாள் பின்தங்கியிருந்தது.

ஜேஆர்ஐ-போலந்து என்ற இலவச அட்டவணையில் ஊரையும் பெயரையும் போட்டால் ஆண்டும் பதிவு எண்ணும் வரும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போலந்து அரசு ஆவணக் காப்பகத் தளத்தில் அசல் பக்கத்தின் படத்தைப் பாருங்கள். அட்டவணையோடு நிறுத்திவிடாதீர்கள். லண்டன் சான்றிதழ் விட்டுவிட்டதை இந்தப் பக்கம் சொல்லும்: மணமகன் மணமகள் இருவருடைய தாயின் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும்.

ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியா உங்கள் பகுதி என்றால் ஒரு பொறி இருக்கிறது. அங்கே பலர் மதச்சடங்கோடு நிறுத்திக்கொண்டார்கள்; அரசு அதை ஏற்கவில்லை. அதனால் பிள்ளைகள் தாயின் வீட்டுப் பெயரில், முறையற்ற பிறப்பு என்று பதிவானார்கள். அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயர், தம்பிக்கு வேறு பெயர் என்று தெரிந்தால் வேறு குடும்பம் என்று தள்ளிவிட வேண்டாம். அந்தத் தாயின் கௌரவத்தையும் சந்தேகிக்க வேண்டாம்.

நாங்கள் தேடிய பதிவு 1880-ஆம் ஆண்டுக்குரியது. ரஷ்யக் கையெழுத்து, பெயர்களை மட்டும் அடைப்புக்குறிக்குள் போலிஷ் எழுத்தில் தந்திருந்தார்கள். மணமகளின் வீட்டுப் பெயர் இருந்தது. அவளைப் பெற்றவளின் வீட்டுப் பெயரும் இருந்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது இரண்டு. "மணமகள் எழுதத் தெரியாதவள்" என்று கடைசி வரி சொன்னது. பக்கத்து வீட்டம்மா அந்த இரு பெயர்களையும் தன் நோட்டில் எபிரேய எழுத்திலேயே எழுதிக்கொண்டார். பக்கத்தில் ஊர், ஆண்டு, பதிவு எண். எதை எங்கே கண்டோம் என்ற அந்த மூன்று விவரத்தையும் உடனே எழுதிவைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்களே மறுபடி தேட வேண்டிவரும்.

அங்கேயே இருந்துவிட்டவர்கள்

ஒரு மணமகளின் பெற்றோர் பெயர் தெரிந்துவிட்டால் அவள் உடன்பிறந்தாரின் பிறப்புப் பதிவுகளையும் அதே ஊரில் எடுக்கலாம். எடுத்தவுடன், அவர்களில் யார் கப்பலேறவில்லை என்ற கேள்வி வரும். போலந்தில் இருந்துவிட்ட கிளைகளில் பெரும்பாலானவை 1939-க்கும் 1945-க்கும் இடையில் நாஜிகளால் கொல்லப்பட்டன. இந்தப் பகுதியைத் தொடங்குமுன் குடும்பத்தாரிடம் கேளுங்கள். எல்லோருக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் மனநிலை எப்போதும் இருக்காது. உயிரோடிருப்பவர்களின் விவரங்களையும் அவர்கள் சம்மதமில்லாமல் எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள்.

ஜெருசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவகம் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைச் சேகரித்து வருகிறது. உறவினரும் நண்பரும் நிரப்பிக் கொடுத்த சாட்சிப் பக்கங்கள் அதன் இணையத்தளத்தில் திறந்திருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் இறந்தவரின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், தொழில். கீழே, அதை எழுதிக் கொடுத்தவரின் பெயரும் அவருக்கு இறந்தவர் என்ன உறவு என்பதும் இருக்கும். குடும்பம் அறியாத ஒருவர் எங்கோ பிழைத்திருந்தார் என்பதற்கு அந்தக் கடைசி வரிதான் சான்று.

1880 மணமகளுக்கு இரண்டு தங்கைகள். பதிவேட்டில் அவர்களின் பிறப்பு இருக்கிறது. பக்கத்து வீட்டம்மா இப்போது சாயங்காலங்களில் அவர்களின் பிள்ளைகளைத்தான் அந்தப் பக்கங்களில் தேடிக்கொண்டிருக்கிறார். தாயின் வீட்டுப் பெயரைப் போட்டு, ஊரைப் போட்டு, எழுத்தை மாற்றி மாற்றி.